கோழித் தீவனத்தில் மெங்குடு: இறங்கும் முன் கணக்குப் பாருங்கள்

சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் பக்கத்துப் பழைய ரப்பர் தோட்டங்களில் நாட்டுக்கோழி வளர்ப்பில் இறங்கும் இளைஞர்களுக்கு முதல் தலைவலி தீவனச் செலவுதான். மக்காச்சோளமும் சோயாப் பிண்ணாக்கும் இறக்குமதியாகின்றன; உலகச் சந்தையில் விலை ஏறினால் உங்கள் கொட்டகையிலும் ஏறும். 2022இல் தீவன விலையும் ஏறி, கோழித் தட்டுப்பாடு முற்றி, ஜூன் 1 முதல் மலேசிய அரசு கோழி ஏற்றுமதியையே நிறுத்தியது நினைவிருக்கும்.

அதனால்தான் கடலோரத்தில் தானாக வளர்ந்து, ஆண்டு முழுதும் காய்க்கும் மெங்குடுவின் மேல் பலருக்கும் கண். தமிழ்நாட்டில் இதை நோனி என்பார்கள்.

எதற்கு உதவும்?
மெங்குடு தீவனம் அல்ல; தீவனத்தோடு சேர்க்கும் துணைப்பொருள். பழத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு தண்ணீர். புரதக் குறையை அது நிரப்பாது. கிருமிகளை எதிர்க்கும் தாவரச் சத்துகளுக்காகவே ஆய்வாளர்கள் இதைக் கவனிக்கிறார்கள். வளர்ச்சிக்காகத் தீவனத்தில் ஆன்டிபயாட்டிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் தடை செய்தது. கால்நடைத் தீவனத்தில் கொலிஸ்டின் கலக்க மலேசியா 2019இல் தடை விதித்தது. மாற்று தேடும் காலம் இது. ஆனாலும் மெங்குடு சோதனைகளின் முடிவுகள் ஒரேபோல் இல்லை.

எப்படித் தயாரிப்பது?
பச்சை மாறி வெளிர்மஞ்சளாகி, அழுத்தினால் குழையாத பழமாகப் பறியுங்கள். கனிந்து குழைந்தால் நெடி தூக்கும், நறுக்கவும் வராது. கழுவி, மெல்லிய வில்லைகளாக்கி வெயிலில் காயவிடுங்கள். மாலை மழைக்கு முன் உள்ளே எடுத்துவிடுங்கள். வில்லை சடக்கென்று முறிந்தால்தான் அரைக்கலாம். பூஞ்சை கண்டால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். பூஞ்சை நஞ்சு கோழியின் கல்லீரலைக் கெடுக்கும்.

எப்படிச் சோதிப்பது?
ஒரே நாளில் பொரித்த 20 குஞ்சுகளை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான தீவனம். மற்றதற்கு அதே தீவனத்தில் கிலோவுக்கு 5 கிராம் தூள். வாரந்தோறும் எடையையும் தின்ற தீவனத்தையும் எழுதுங்கள். தின்ற தீவனத்தைக் கூடிய எடையால் வகுங்கள்: 3 கிலோ தின்று 1 கிலோ கூடினால் விடை 3. இந்த எண் எந்தப் பிரிவில் குறைகிறதோ, அங்கேதான் தீவனம் மிச்சம். கழிச்சல் கண்டாலோ இரை எடுப்பது குறைந்தாலோ தூளை நிறுத்துங்கள்.

எதை விடக்கூடாது?
வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசிக்கு எந்தப் பழமும் ஈடாகாது. கோழிகள் காரணம் தெரியாமல் சாகத் தொடங்கினால் மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்கு உடனே தெரிவியுங்கள். கால்நடை நோய்களை ஆராயும் கழகம் ஈப்போவிலேயே 1948 முதல் இயங்குகிறது. தூளை விற்கும் எண்ணம் வந்தால், 2009ஆம் ஆண்டுக் கால்நடைத் தீவனச் சட்டப்படி என்ன உரிமம் வேண்டும் என்பதை மாவட்டக் கால்நடை அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தோட்ட நிலத்தில் கொட்டகை போடுமுன் நில உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் வாங்குங்கள்.

மரத்தில் பழம் இலவசம்தான். பறித்து, காயவைத்து, அரைக்கும் உழைப்பு இலவசமல்ல. அந்த நேரத்துக்கும் கூலி போட்டுக் கணக்கெழுதுங்கள். அதற்குப் பிறகும் லாபம் நின்றால் துணிந்து தொடருங்கள்.