கியர் விழவில்லையா? முதலில் கரண்டைப் பாருங்கள்!
பழைய ஆட்டோமேட்டிக் காரில் மின்கோளாறைக் கண்டறிய ஓர் எளிய பாடம்

உங்கள் வீட்டில் பத்து வயது தாண்டிய ஆட்டோமேட்டிக் கார் இருக்கிறதா? அல்லது தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கம் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கும் யோசனையில் இருக்கிறீர்களா? அப்படியானால் இந்தப் பாடம் உங்களுக்குத்தான்.

2014 பிப்ரவரியில் கிரேட்டர் நொய்டா ஆட்டோ எக்ஸ்போவில் மாருதி சுசூகி ‘செலெரியோ’ அறிமுகமானது. கிளச் பெடல் இல்லாத, விலை குறைந்த ‘ஏ.எம்.டி.’ வகை கியர் இந்தியாவுக்கு வந்தது அந்தக் காரில்தான். அதன் பிறகு பல நிறுவனங்களின் சின்ன கார்களிலும் இது வந்துவிட்டது. முதலில் வந்த அந்தக் கார்களுக்கு இப்போது பத்து வயதுக்கு மேல் ஆகிறது. கியர்பெட்டி இன்னும் நன்றாக உழைக்கும் நிலையில் இருந்தாலும், அதற்கு உத்தரவு போடும் வயரும் சுவிட்சும் தளர்ந்துபோகும் வயது இது.

இந்தக் கார் ஒரு நாள் ‘டி’யில் போட்டாலும் நகராமல் நிற்கும். ஒர்க்‌ஷாப்பில் “கியர்பாக்ஸ் போச்சு சார்” என்று சொல்லிவிட்டால் செலவு பல பத்தாயிரம் ரூபாய். ஆனால் காரணம் சில நூறு ரூபாய் சுவிட்சாகவோ, துருப்பிடித்த எர்த் வயராகவோகூட இருக்கலாம். இதில் பணம் மட்டும் பிரச்சினை இல்லை. ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல், எதிரே பஸ் வரும் டெல்டா சாலையில் கியர் தானாக நியூட்ரலுக்குப் போனால் அது உயிருக்கே ஆபத்து.

கியருக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்?

ஆட்டோமேட்டிக் காரில் கியரை மாற்றுவது உங்கள் கை இல்லை, ஒரு சிறிய கம்ப்யூட்டர். கியர் லிவர் எங்கே இருக்கிறது, பிரேக் மிதித்திருக்கிறதா, சக்கரம் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது, ஆக்சிலரேட்டர் எவ்வளவு அழுத்தப்பட்டிருக்கிறது என்ற தகவல்கள் சுவிட்ச், சென்சார் வழியாக அதற்குப் போகின்றன. அதை வைத்து அது சோலனாய்டு வால்வுகளுக்கு உத்தரவு கொடுக்கிறது. பல ஏ.எம்.டி. கார்களில் கிளச்சையும் கியரையும் நகர்த்த எண்ணெய் அழுத்தம் வேண்டும். அந்த அழுத்தத்தை உண்டாக்குவதும் மின்சார பம்ப்தான்.

பேட்டரி வோல்ட்டேஜ் இறங்கினாலோ, ஒரு தகவல் வராமல் போனாலோ கம்ப்யூட்டர் கியரைப் போடாது. அல்லது ஒரே கியரில் பிடித்து வைத்துவிடும். இதை மெக்கானிக்குகள் ‘லிம்ப் மோடு’ என்பார்கள். மேற்கொண்டு சேதம் ஆகாமல் காப்பதற்கான ஏற்பாடு இது. எனவே லிம்ப் மோடு வந்துவிட்டது என்பதாலேயே கியர்பாக்ஸ் உடைந்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

மின்கோளாறா, இயந்திரக் கோளாறா?

மின்கோளாறு பெரும்பாலும் வந்து வந்து போகும். மழை பெய்த மறுநாள் தலைகாட்டும். வண்டியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். கூடவே டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும்.

இயந்திரக் கோளாறு நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும். ஆக்சிலரேட்டர் அழுத்தினால் இன்ஜின் கத்தும், வண்டி வேகம் எடுக்காது. கருகிய வாடை, எண்ணெய்க் கசிவு, உலோகம் உரசும் சத்தம் இருக்கும். ஏ.எம்.டி.யில் கிளச் பிளேட் இயல்பாகவே தேயும் பொருள். அது தேய்ந்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

வரிசையாகப் பாருங்கள்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் அல்லது கட்டை வையுங்கள். ஏர்பேக் வயர்கள் மஞ்சள் நிற உறையிலோ மஞ்சள் கனெக்டருடனோ இருக்கும். அவற்றைத் தொடக் கூடாது.

1. பேட்டரி: எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். சில மணி நேரம் ஓடாமல் நின்ற காரில் 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி முழு சார்ஜில் இருக்கிறது. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. இன்ஜின் ஓடும்போது சுமார் 13.5 முதல் 14.7 வரை காட்ட வேண்டும். காட்டாவிட்டால் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9.6க்குக் கீழே போனால் பேட்டரி பலவீனம். ஹாரன் அடிக்கிறது, லைட் எரிகிறது என்பதால் மட்டும் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்.

2. எர்த் வயர்: பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும், பாடியிலிருந்து இன்ஜினுக்கும் போகும் தடித்த வயர்கள் இவை. ஈரத்தில் இவற்றின் முனை துருப்பிடிக்கும், பச்சை பூக்கும். இன்ஜினை ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் ஏசியையும் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை கியர்பெட்டியின் வெறும் உலோகத்திலும் வையுங்கள். சுற்றும் ஃபேன், பெல்ட் பக்கம் கையோ துணியோ போகக் கூடாது. 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த இணைப்பைக் கழற்றிச் சுத்தம் செய்து இறுக்க வேண்டும்.

3. ஃபியூஸ்: எந்த ஃபியூஸ் எதற்கு என்று ஓனர் மேனுவலிலோ ஃபியூஸ் பாக்ஸ் மூடியிலோ இருக்கும். போன ஃபியூஸுக்குப் பதில் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30 ஆம்பியர். வெறும் வயரோ சிகரெட் பேப்பரோ சுற்றிப் போட்டால் தீப்பிடிக்கும். மாற்றியதும் மறுபடி போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று பொருள்.

4. பிரேக் லைட் சுவிட்ச்: பலரும் கவனிக்காத இடம் இது. ஏ.எம்.டி. காரில் பிரேக் மிதித்த தகவல் போகாவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, கியரும் விழாது. சுவர் ஓரமாக நிறுத்தி, பிரேக்கை மிதித்து, பின் விளக்கு வெளிச்சம் சுவரில் விழுகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் பல்பு, ஃபியூஸ், சுவிட்ச் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்தாலும் சுவிட்ச் முழுக்கச் சரி என்று சொல்ல முடியாது. சில கார்களில் ஒரே சுவிட்சுக்குள் இரண்டு தொடர்புகள் இருக்கும்.

5. பம்ப் சத்தம்: பல ஏ.எம்.டி. கார்களில் டிரைவர் கதவைத் திறந்ததும் ‘ம்ம்ம்’ என்று சில நொடி சத்தம் வரும். பம்ப் அழுத்தம் ஏற்றுகிறது. வழக்கமாகக் கேட்கும் இந்தச் சத்தம் திடீரென்று நின்றுவிட்டால் பம்பின் ஃபியூஸ், ரிலே, வயரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

6. எலிக்கடி: சம்பா அறுவடை முடிந்ததும் வயல் எலி வீட்டுப் பக்கம் திரும்பும். வைக்கோல் போர் அருகே நிற்கும் காரின் பானெட்டுக்குள் சூடும் மறைவும் இருப்பதால் அங்கே கூடு கட்டும், வயரைக் கடிக்கும். தை, மாசி மாதங்களில் வாரம் ஒருமுறை பானெட்டைத் திறந்து எலிப்புழுக்கை, வைக்கோல் துண்டு, கடித்த தடம் இருக்கிறதா பாருங்கள். வயலுக்கு வைக்கும் தஞ்சாவூர் கிட்டியில் இரண்டைக் கார் ஷெட் ஓரமும் வைக்கலாம். கடிபட்ட வயரை முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த ஐப்பசி மழையில் மறுபடி தகராறு வரும். சால்டரிங் செய்து, சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடச் சொல்லுங்கள்.

போனிலேயே கோடு படிக்கலாம்

2013க்குப் பிறகு வந்த பெரும்பாலான கார்களில் ஸ்டியரிங்குக்குக் கீழே ‘ஓ.பி.டி.’ என்ற 16 முனை சாக்கெட் இருக்கும். சிறிய புளூடூத் கருவியை அதில் செருகினால் பழுதுக் குறியீடு உங்கள் ஸ்மார்ட்போனில் தெரியும். முக்கியமானவை:

• பி 0562 – வோல்ட்டேஜ் குறைவு
• பி 0571 – பிரேக் சுவிட்ச் சுற்று
• பி 0700 – கியர் கட்டுப்பாட்டில் கோளாறு (பொதுவான எச்சரிக்கை மட்டும்)
• பி 0705 – கியர் லிவர் நிலையைச் சொல்லும் சென்சார்
• பி 0715, பி 0720 – கியர்பெட்டியின் வேக சென்சார்கள்
• யு 0101 – கியர் கம்ப்யூட்டருடன் தொடர்பு இல்லை

‘பி 0700’ மட்டும் வந்தால் உண்மையான காரணம் இன்னும் உள்ளே இருக்கிறது. கியர் கம்ப்யூட்டரையும் படிக்கும் பெரிய ஸ்கேனர் உள்ள இடத்துக்குப் போங்கள். ‘சென்சார்’ என்று கோடு வந்தாலும் உடனே சென்சாரை மாற்ற வேண்டாம். அதற்குப் போகும் வயரும் கனெக்டரும் சரியா என்று முதலில் பார்க்க வேண்டும். கோடை அழிப்பதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அழித்த பிறகு அதே கோடு திரும்ப வந்தால் கோளாறு நிஜம்தான்.

வெள்ளத்தில் நின்ற கார்

2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா புயலை டெல்டா மறந்திருக்காது. கார் தண்ணீரில் நின்றிருந்தால் சாவியைத் திருப்பாதீர்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, வண்டியை ரெக்கவரி வேனில் ஏற்றி அனுப்புங்கள். பழைய கார் வாங்கும்போது தரைவிரிப்பைத் தூக்கி அடியில் வண்டல் படிந்திருக்கிறதா, சீட் தண்டவாளம் துருப்பிடித்திருக்கிறதா, ஃபியூஸ் பாக்ஸில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். ‘எம்-பரிவாகன்’ செயலியில் பதிவு எண்ணைப் போட்டு, பதிவுத் தேதி, இன்ஷூரன்ஸ் விவரங்களையும் சரிபாருங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டியவை

“என்ன கோடு வந்தது? வோல்ட்டேஜ் எவ்வளவு இருந்தது? எர்த், பிரேக் சுவிட்ச் பார்த்தீர்களா?” இந்த மூன்று கேள்விகளையும் தயங்காமல் கேளுங்கள். நல்ல மெக்கானிக் மகிழ்ச்சியாகப் பதில் சொல்வார். வேலை தொடங்கும் முன் செலவு மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். முடிந்ததும் பில்லையும் கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்குங்கள்.

தேவையில்லாத பாகத்தை மாற்றிப் பணம் வாங்கிவிட்டார்கள் என்று தோன்றினால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். அதிலும் தீராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகார்க் கட்டணம் கிடையாது. அப்போது உங்கள் ஸ்கிரீன்ஷாட், மதிப்பீடு, பில் மூன்றும்தான் உங்களுக்காகப் பேசும். அவற்றை இன்றே போனில் ஒரு தனி ஃபோல்டரில் சேர்த்து வைக்கத் தொடங்குங்கள்.