விளைவுப் பணமும் கடன் தீர்க்கும் முறையும்

விருத்தாசலத்தை அடுத்த வேப்பூர்ப் பக்கத்தில் மக்காச்சோளம் விற்றுப் பணம் கைக்கு வந்ததும், கடனுள்ள குடியானவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, எந்தக் கடனை முன்னே அடைப்பது என்பதாம். இதில் ஏற்படும் பிழை ஒரு போகத்தின் லாபத்தையே விழுங்கிவிடும்.

கடன்களை ஒப்பிடுமுன் வட்டிகளை ஒரே அளவில் நிறுத்தல் வேண்டும். ‘மூன்று வட்டி’ என்பது காதுக்குச் சிறிதாகத் தோன்றினும், நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் என்றால் வருஷத்திற்கு 36 ரூபாய் ஆகிறது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பெறும் பயிர்க்கடனோ, தவணைக்குள் செலுத்துவோருக்கு வட்டியில்லாதது. தவணை தவறினால் அச்சலுகை போய்விடும்.

ஓர் உதாரணம் கொள்வோம். ஒருவருக்குச் சங்கத்தில் பயிர்க்கடன் 40,000 ரூபாயும், தனியாரிடம் மூன்று வட்டிக்கு 30,000 ரூபாயும், 10 சதவீத வட்டியில் நகைக்கடன் 50,000 ரூபாயும் இருக்கின்றன. குடும்பச் செலவுக்கு ஒதுக்கியது போக, கையில் 70,000 ரூபாய் உள்ளது.

நகையை முதலில் மீட்க வேண்டுமென்று வீட்டில் விரும்புவது இயல்பே. அவ்வாறு மீட்டு, மீதி 20,000 ரூபாயைத் தனியாருக்குக் கொடுத்தால், அங்கே நிற்கும் 10,000 ரூபாய்க்கு வருஷ வட்டி 3,600. தவணை தவறிய பயிர்க்கடனுக்கு 7 சதவீதம் கணக்கிட்டால் 2,800. அபராத வட்டி வேறு. சங்கத்தில் பாக்கி நிற்பதால் புதுக்கடன் கிடையாது. அடுத்த சாகுபடிக்கு 40,000 ரூபாயை மூன்று வட்டிக்கு ஆறு மாதம் வாங்கினால் மேலும் 7,200. ஆக மொத்தம் 13,600 ரூபாய்.

அதே பணத்தால் பயிர்க்கடனையும் தனியார் கடனையும் தீர்த்துவிட்டால், நகைக்கடனின் வருஷ வட்டி 5,000 ரூபாய் மட்டுமே நிற்கும். சங்கத்தில் புதுக்கடன் பெறவும் வழியுண்டு. இவ்விரு வழிகளுக்கும் உள்ள வித்தியாசம் 8,600 ரூபாய். ஆயினும் நகைக்கடனின் தவணையை மறத்தலாகாது. மறந்தால் நகை ஏலத்திற்குப் போய்விடும்.

வீட்டுச் செலவுகளையும் இவ்வாறே நிறுத்துப் பார்த்தல் நலம். அவசரத்திற்கு 15,000 ரூபாய் தேவைப்பட்டால், மூன்று வட்டிக்கு ஆறு மாதத்தில் 2,700 ரூபாய் போகும். வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடுகளை விற்பதா, கடன் வாங்குவதா என்று ஐயம் வந்தால், அந்த ஆறு மாதத்தில் ஆடுகளின் விலை தீவனச் செலவு போக 2,700 ரூபாய்க்கு மேல் உயருமா என்று கணக்கிடுக. உயராதெனில் விற்பதே நன்று. விலை ஏறட்டுமென்று தானியத்தை இருப்பு வைப்பவரும் இக்கணக்கையே செய்தல் வேண்டும். விசேஷங்களுக்கும் மோட்டார் வண்டிக்கும் வாங்கும் கடன் வயலிலிருந்து எதையும் திருப்பித் தருவதில்லை.

1938-ஆம் வருஷத்துச் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் பழங்கடன்களின் வட்டிச் சுமையைக் குறைத்தது. 2003-ஆம் வருஷத்துத் தமிழ்நாட்டுச் சட்டம் கந்து வட்டி, மீட்டர் வட்டி முதலியவற்றைத் தடை செய்தது. சட்டம் கொடுமையைத் தடுக்கலாம். வரவு செலவுக் கணக்கை அவரவரே எழுத வேண்டும். பணம் கட்டும்போதெல்லாம் ரசீது பெறுக. கடன் தீர்ந்த அன்றே புரோநோட்டைத் திரும்ப வாங்குக.

கிராம அதிகாரிகளுக்கும் இதில் பங்குண்டு. பயிர்க்கடன் மனுவுடன் அடங்கல் நகல் இணைக்கப்பட வேண்டும். அது விதைப்புக்குப் பின் கிடைத்தால், குடியானவர் அதற்குள் மூன்று வட்டிக்குக் கையெழுத்திட்டிருப்பார். ஆதலால் விதைப்புக் காலத்திற்கு முன்னரே அடங்கல் கொடுத்துதவுவது அவரது நிலத்தைக் காப்பதற்கு ஒப்பாகும்.