குறையாத எடை, குறைந்த மதிப்பு

மாணவர்களே! சென்னையிலிருந்து புறநகர் ரயிலில் வடக்கே கும்மிடிப்பூண்டிக்குப் போயிருக்கிறீர்களா? திருவள்ளூர் மாவட்டத்திலுள்ள அந்தத் தொழிற்பேட்டையில், பழைய இரும்பை மின் உலையில் உருக்கிக் கட்டடக் கம்பியாக்கும் ஆலைகள் பல உண்டு. அத்தகைய ஆலை ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அன்று மார்ச் 31, கணக்காண்டின் கடைசி நாள். கிடங்கில் 200 டன் கம்பி விற்காமல் இருக்கிறது. அதன் மதிப்பு என்ன?

எடையைத் தராசு காட்டிவிடும். மதிப்பை எப்படி அளப்பது?

பழைய இரும்பு, மின்சாரம், கூலி எல்லாம் சேர்ந்து டன்னுக்கு 50,000 ரூபாய் ஆயிற்று என்று வைத்துக்கொள்வோம். இது அடக்கவிலை. இந்தக் கணக்கில் 200 டன்னின் மதிப்பு 1 கோடி ரூபாய். ஆனால், சந்தையில் விலை இறங்கிவிட்டது. இப்போது டன் 45,000 ரூபாய்க்குத்தான் போகும். அதிலும் லாரி வாடகை, தரகு என்று 1,000 ரூபாய் கழியும். கையில் நிற்பது 44,000. இதை ‘நிகரத் தேறும் மதிப்பு’ எனலாம்.

இவ்விரண்டில் எதை எழுதுவது? எது குறைவோ அதை எழுத வேண்டும் என்பது விதி. இந்தியப் பட்டயக் கணக்காயர் கழகம் 1981-இல் வெளியிட்ட இரண்டாம் கணக்கியல் தரநிலை இதையே சொல்கிறது. ஆகவே சரக்கிருப்பின் மதிப்பு 88 லட்சம். குறைந்த 12 லட்சம், இந்த ஆண்டின் நட்டம்.

“இன்னும் விற்கவே இல்லையே, அதற்குள் நட்டம் எப்படி வரும்?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி! இலாபம் காணும் வழியைப் பாருங்கள். ஆண்டுத் தொடக்க இருப்போடு அவ்வாண்டின் உற்பத்திச் செலவைக் கூட்டி, இறுதி இருப்பைக் கழித்தால், விற்ற சரக்கின் அடக்கம் கிடைக்கும். இறுதி இருப்பை ஒரு ரூபாய் கூட்டி எழுதினால் அந்த அடக்கம் ஒரு ரூபாய் குறையும். இலாபம் ஒரு ரூபாய் கூடும். நம் ஆலை 1 கோடி என்றே எழுதி, 10 லட்சம் இலாபம் காட்டியதாகக் கொள்வோம். உண்மையில் அதற்கு 2 லட்சம் நட்டம்! இல்லாத இலாபத்தை நம்பிப் பங்குதாரர்கள் பணத்தைப் பிரித்துக்கொள்வார்கள். சரக்கை ஈடாகக் கொண்டு வங்கி அதிகக் கடன் கொடுக்கும். அடுத்த ஆண்டு கம்பி விற்கும்போது உண்மை வெளிப்படும். அப்போது கடனைக் கட்டவும் கூலி கொடுக்கவும் பணம் போதாமல் போகலாம்.

விலை இறங்குவது அரிதன்று. 2008-இன் நடுவில் உச்சத்தில் இருந்த உலக உருக்கு விலை, அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. சில சமயம் சட்டமும் மதிப்பைக் குறைக்கும். பி.எஸ்.-3 என்ற பழைய புகைத்தர விதிப்படி செய்த வண்டிகளை 2017 ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் மார்ச் 29-இல் ஆணையிட்டது. அப்போது நாடெங்கும் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் விற்காமல் இருந்தன. கடைசி இரண்டு நாட்களில் இருசக்கர வண்டிகளை ஆயிரக்கணக்கான ரூபாய் தள்ளுபடியில் விற்றார்கள். எந்த வண்டியின் எஞ்சினும் பழுதாகவில்லை, மதிப்புத்தான் விழுந்தது. கணக்கு முடிக்கும் நாளும் அதே மார்ச் 31 அன்றோ!

இந்த விதியில் மூன்று நுட்பங்கள் உண்டு. முதலாவது, குறிப்பிட்ட விலைக்குத் தருவதாக முன்பே உறுதியான ஒப்பந்தம் இருந்தால், அந்த அளவு சரக்குக்கு ஒப்பந்த விலையையே பார்க்க வேண்டும். சந்தை விலையை அன்று. இரண்டாவது, பழைய இரும்பின் விலை இறங்கினாலும், அதிலிருந்து செய்யும் கம்பி அடக்கவிலைக்குக் குறையாமல் விற்குமானால், மூலப்பொருளின் மதிப்பைக் குறைக்க வேண்டியதில்லை. மூன்றாவது, குறைத்து எழுதிய சரக்கு கிடங்கில் இருக்கும்போதே விலை 55,000-க்கு ஏறினால் மதிப்பை மீண்டும் உயர்த்தலாம். ஆனால் 50,000 வரைதான். வரப்போகும் இலாபத்தை விற்ற பிறகே எழுத வேண்டும். தெரிந்துவிட்ட நட்டத்தை உடனே எழுத வேண்டும். இதுவே முன்னெச்சரிக்கைக் கொள்கை.

அடக்கவிலை என்பது நாம் செலவழித்த பணம். செலவழித்தது முழுவதும் திரும்பி வரும் என்று அது உறுதி கூறுவதில்லை. ஆகவே ஆண்டுதோறும் கணக்கர் கிடங்கைப் பார்த்து, “இது என்ன விலைக்குப் போகும்?” என்று கேட்டாக வேண்டும்.

செய்து பாருங்கள்: ஓர் ஆலையில் 50 டன் கம்பி இருக்கிறது. அடக்கவிலை டன்னுக்கு 48,000 ரூபாய். அதில் 20 டன்னை 49,000 ரூபாய் வீதம் ஆலைக்கே வந்து எடுத்துக்கொள்ள ஒருவர் ஒப்பந்தம் செய்திருக்கிறார். மற்றதற்குச் சந்தை விலை 46,000. விற்பனைச் செலவு 1,000. இருப்பின் மதிப்பு என்ன? நட்டம் எவ்வளவு?

விடை: 20 டன்னுக்கு அடக்கவிலையே குறைவு, ஆகவே 9,60,000 ரூபாய். 30 டன்னுக்கு 45,000 வீதம் 13,50,000 ரூபாய். மொத்தம் 23,10,000 ரூபாய். நட்டம் 90,000 ரூபாய்.