படம் பொய் சொல்லுமா?

சாலையில் ஒரு விபத்து. காரில் பொருத்திய காமிரா அதைப் படம் பிடித்துள்ளது. “இதுவே சாட்சி” என்கிறார் ஒருவர். “இது திருத்திய படம்” என்கிறார் மற்றவர். தீர்ப்புத் தவறினால் குற்றமற்ற ஓட்டுநரின் வாழ்வே பாழாகுமன்றோ?

கணிப்பொறிக்குள் படம் என்பது எண்களின் வரிசையே. அவ்வெண்களை ஒரு கணித விதிக்கு உட்படுத்தினால் ஓர் அடையாள எண் கிடைக்கும். அதைப் படத்தின் கைரேகை எனலாம். எஸ்.எச்.ஏ-256 என்னும் விதி தரும் கைரேகை 256 இரும இலக்கங்கள் கொண்டது. படத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் கைரேகை முற்றிலும் மாறிவிடும்.

படமெடுத்தவுடன் இக்கைரேகையைப் ‘பிளாக்செயின்’ என்னும் பேரேட்டில் பதிகிறார்கள். அதன் ஒவ்வொரு பக்கமும் முந்திய பக்கத்தின் கைரேகையைத் தாங்கி நிற்கும். பேரேட்டின் பிரதிகள் பல கணிப்பொறிகளில் இருக்கும். ஆகவே ஒருவர் ஒரு பக்கத்தை இரகசியமாகத் திருத்தினால், பின்வரும் பக்கங்களும் மற்றப் பிரதிகளும் அவரைக் காட்டிக் கொடுத்துவிடும். வழக்கு வந்தால், மூலப்படத்தின் கைரேகையை மீண்டும் கணக்கிட்டு, ஏட்டில் உள்ளதுடன் ஒப்பிட்டால் போதும்.

இவ்வாறு பதிவுகளைச் சங்கிலியாய்க் கோக்கும் வழியை 1991-ல் அமெரிக்காவில் ஸ்டூவர்ட் ஹேபர், ஸ்காட் ஸ்டோர்னெட்டா ஆகிய இருவர் வெளியிட்டனர். பின்னர் அவர்களது நிறுவனம் அத்தகைய கைரேகையை வாரந்தோறும் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழில் விளம்பரமாக அச்சிட்டது. வீடுதோறும் சென்றுவிட்ட நாளிதழை யாரால் திருத்த முடியும்?

ஆயினும் ஒரு குறை உண்டு. பதியுமுன்னரே படத்தைத் திருத்திவிட்டால், பேரேடு அந்தப் பொய்யையும் பத்திரமாகக் காக்கும். ஆகையால் காமிராவுக்குள்ளேயே கைரேகை எடுப்பது நலம். எழுதியதைக் காப்பது ஏட்டின் வேலை. உண்மையை எழுதுவது மனிதரின் கடமை.