பயிற்சிக்குப் போன ஊரில் நட்பு

ஐதராபாத் ராஜேந்திரநகரில் உள்ள தேசிய ஊரக வளர்ச்சி மற்றும் பஞ்சாயத்து ராஜ் நிறுவனம் போன்ற இடங்களுக்கு ஒரு வாரம், பத்து நாள் பயிற்சிக்குப் போகிறீர்களா? அசாம், ஒடிசா, குஜராத் என்று பல மாநிலத்தவர் வந்திருப்பார்கள். நம்மூர்க்காரரைக் கண்டதும் அவரோடே ஒட்டிக்கொள்ள வேண்டாம். காலையில் அவரோடு சாப்பிட்டால், மதியம் வேறு மேஜைக்குப் போங்கள்.

முதல் நாள் மாலைதான் முக்கியம். வகுப்பு முடிந்ததும் அறைக்குள் போய் வீட்டுக்கு வீடியோ கால் போட்டு உட்கார்ந்துவிட்டால், அதற்குள் மற்றவர்கள் செட் சேர்ந்துவிடுவார்கள். வீட்டாரிடம் இரவு பேசலாம். டீ கொடுக்கும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். "எந்த ஊர்?" என்பதோடு விடாமல், "உங்கள் பக்கம் கிராம சபைக்கு ஆள் வருகிறார்களா?" என்று கேளுங்கள். தொழில் பேச்சு கூச்சத்தைச் சீக்கிரம் போக்கும். இந்தி தடுமாறினால் பரவாயில்லை, எதிரில் இருப்பவருக்கும் தடுமாறலாம்.

பையில் ஒரு டப்பா முறுக்கும் ஓர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் இருக்கட்டும். சார்ஜ் போட வருகிறவர் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போவார்.

இடையில் விடுமுறை வந்தால் நான்கு பேராகக் கோல்கொண்டா கோட்டைக்குப் போங்கள். அங்கே நுழைவாயிலில் கைதட்டினால் மலை உச்சியில் கேட்கும்; ஒருவர் கீழே கைதட்ட, இன்னொருவர் மேலே நின்று கேட்க வேண்டும். தனியாகப் போனால் அது நடக்காது.

புது நண்பர்களின் போன் எண்ணைப் பெயரோடு மாவட்டத்தையும் சேர்த்துப் பதியுங்கள்.