பிரஷர் ஏறினாலும் ஆபத்து, இறங்கினாலும் ஆபத்து

பிரஷர் கூடினால் ஆபத்து என்பது நமக்கெல்லாம் தெரிந்ததுதான். ஆனால் ஒரு நோயில், அதுவும் ஆபரேஷன் மேசையில் படுத்திருக்கும்போது, பிரஷர் குறைந்தாலும் ஆபத்து. அந்த அபூர்வ நோயின் பெயர் மோயாமோயா.

பெயரைக் கேட்டால் சிரிப்பு வரும்; நோய் சிரிக்கும்படியானதல்ல. ஜப்பானில் சுசுக்கி, தக்காக்கு என்ற இரு டாக்டர்கள் 1969-இல் இப்பெயரை வைத்து எழுதினார்கள். சிகரெட் புகைபோல் மங்கலாக நிற்பது என்று அர்த்தம். மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய் மண்டைக்குள்ளே மெல்ல மெல்ல அடைபடுகிறது. அதற்கு ஈடாக நூல்போன்ற குழாய்கள் முளைக்கின்றன. எக்ஸ்ரே படத்தில் அவைதான் புகையாகத் தெரிகின்றன. ஜப்பானியர், கொரியர்களிடம் அதிகம். மற்ற இனத்தாருக்கும் வரும்.

லயத்தில் பெரிய தண்ணீர்க் குழாய் அடைத்துப்போய், மெல்லிய ரப்பர் டியூப் வழியாகக் கடைசி வீட்டுக்குத் தண்ணீர் போகிறது என்று வையுங்கள். வேகம் குறைந்தால் அந்த வீட்டுக்குச் சொட்டுக்கூட வராது. வேகம் கூடினால் டியூப் வெடிக்கும். மூளையிலும் அதே கதைதான்.

ஆபரேஷனில் தலைத்தோலில் ஓடும் ஒரு இரத்தக் குழாயை மூளைக் குழாயோடு சேர்த்துத் தைக்கிறார்கள். மயக்க மருந்து பிரஷரை இறக்கிவிடும்; ரொம்ப இறங்கினால் பக்கவாதம் வரலாம். அதனால் மணிக்கட்டு இரத்தக் குழாயில் மெல்லிய டியூப் செருகி, ஒவ்வொரு துடிப்புக்கும் பிரஷரைக் கவனிக்கிறார்கள். தைத்து முடிந்ததும் வேறு தொல்லை. பட்டினி கிடந்த இடத்துக்கு இரத்தம் திடீரென்று பாய்ந்து, வீக்கமோ கசிவோ ஏற்படலாம். அப்போது பிரஷர் ஏறவிடமாட்டார்கள். அந்த நாட்களில் கடும் தலைவலி, பேச்சுக் குழறல், வலிப்பு எது வந்தாலும் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

வழக்கமாக 150 இருப்பவருக்கு 110 நல்ல எண்ணல்ல, பள்ளம். ஆகவே உங்கள் கிளினிக் புத்தகத்தைக் கையோடு கொண்டுபோய் மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள். பிரஷர் மாத்திரை, ஆஸ்பிரின் எதை நிறுத்துவதென்று டாக்டர் சொல்லட்டும், பக்கத்து வீட்டு அக்கா வேண்டாம்!

பிள்ளைக்கு ஆபரேஷன் என்றால் இன்னும் கவனம். தேம்பி அழும் பிள்ளை வேகமாக மூச்சு விடும். இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து மூளைக் குழாய்கள் சுருங்கும். கை கால் சோர்ந்துவிடும். இந்நோய் உள்ள பிள்ளைக்குச் சூடான சூப்பை ஊதும்போதுகூட இப்படி வருவதுண்டு. ஊசி போட வரும்போது அதட்டாதீர்கள், மடியில் வைத்துச் சமாதானப்படுத்துங்கள். எத்தனை மணி வரை தண்ணீர் கொடுக்கலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். உடம்பு வறண்டாலும் பிரஷர் இறங்கும்.