எம்.எஸ். ஸ்கேனுக்கு எந்த ரிப்போர்ட் வடிவம்?

"மூளையின் வெள்ளைப் பகுதியில் ஆங்காங்கே புள்ளிகள் தெரிகின்றன. டீமைலினேஷனாக இருக்கலாம். அறிகுறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்." மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் சந்தேகத்தில் எடுத்த எம்.ஆர்.ஐ.க்கு இப்படி ஒரு ரிப்போர்ட் போனால் நரம்பியல் மருத்துவருக்கு அதனால் என்ன பயன்? எங்கே, எத்தனை, கான்ட்ராஸ்ட் ஏறியதா என்ற மூன்றுக்குமே அதில் பதில் இல்லை. கைபோன போக்கில் எழுதும் உரைநடை ரிப்போர்ட்டின் பெரிய குறை இதுதான். எழுதுபவர் மறந்தது எது என்று படிப்பவருக்குத் தெரியவே தெரியாது.

ஆகவே, முதல்முறை நோயறிய வரும் ஸ்கேனுக்குத் தலைப்பிட்ட டெம்ப்ளேட்தான் சரி என்பேன். தலைப்புகளை எம்.எஸ். நோயறியப் பயன்படும் மெக்டொனால்ட் அளவுகோலே தந்துவிடுகிறது. 2017 திருத்தத்தின்படி வென்ட்ரிக்கிளை ஒட்டிய பகுதி, கார்டெக்ஸும் அதை ஒட்டிய பகுதியும், மூளைத்தண்டும் சிறுமூளையும், தண்டுவடம் ஆகிய நான்கில் இரண்டிலாவது லீஷன் இருக்க வேண்டும். 2024 திருத்தம் பார்வை நரம்பை ஐந்தாவதாகச் சேர்த்தது. லீஷனின் நடுவே ஓடும் சிறு சிரைக்கும், அதன் விளிம்பில் தெரியும் கறுத்த வளையத்துக்கும் அதில் இடம் உண்டு. 'வென்ட்ரிக்கிளை ஒட்டி 6, கார்டெக்ஸை ஒட்டி 2, மூளைத்தண்டில் 1, தண்டுவடம் ஸ்கேன் செய்யவில்லை' என்று நான்கு வரி இருந்தால் அடுத்து என்ன பரிசோதனை என்று மருத்துவர் உடனே முடிவெடுக்கலாம்.

சொடுக்கித் தேர்ந்தெடுக்கும் கட்டங்கள் கொண்ட வடிவம் இதைவிட வேகமானது, ஆராய்ச்சிக்கும் உதவும். ஆனால் பல இடங்களில் 'லீஷன் இல்லை' என்பதை முன்கூட்டியே நிரப்பி வைத்துவிடுகிறார்கள். தண்டுவடத்தைப் படமே எடுக்காதபோதும் அங்கே 'லீஷன் இல்லை' என்று அச்சாகிவிடும். நோயாளியின் சிகிச்சையையே திசைதிருப்பக்கூடிய பிழை இது. இந்த வடிவம்தான் வேண்டுமென்றால் எல்லாக் கட்டமும் காலியாகத் தொடங்கட்டும். 'உண்டு', 'இல்லை' என்பவற்றோடு 'பார்க்கவில்லை' என்பதும் இருக்கட்டும்.

எந்த வடிவமானாலும் முடிவுப் பகுதியை வாக்கியமாகவே எழுதுங்கள். ஒற்றைத் தலைவலிக்காரருக்கும், ரத்த அழுத்தம் உள்ள முதியவருக்கும் வெள்ளைப் புள்ளிகள் வரும். என்.எம்.ஓ. (NMO), மாக் (MOG) ஆன்டிபாடி நோய் போன்றவையும் எம்.எஸ். போலத் தோற்றம் காட்டும். வென்ட்ரிக்கிளுக்குச் செங்குத்தாக நிற்கும் முட்டை வடிவ லீஷன்கள்தான் எம்.எஸ்.ஸை நினைக்க வைத்தன என்றால் அதையும், எது பொருந்தவில்லை என்பதையும் எழுத வேண்டும். இந்தத் தயக்கத்தைச் சொல்ல எந்தக் கட்டத்திலும் இடமில்லை.

தொடர் ஸ்கேனுக்குத் தனி டெம்ப்ளேட் வையுங்கள். அங்கே கேள்வியே வேறு: புதிதாக வந்தவை எத்தனை, பெரிதானவை எத்தனை, எந்தத் தேதி ஸ்கேனோடு ஒப்பிட்டது? தேதி இல்லாமல் 'மாற்றமில்லை' என்று எழுதினால் அதற்குப் பொருளே இல்லை. மருந்து தொடங்கி 3 முதல் 6 மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேனைப் புதிய அடிப்படையாகக் கொள்வது நல்லது. மருந்து வேலை செய்யத் தொடங்கும் முன் வந்த லீஷனை மருந்தின் தோல்வியாக எண்ணிவிடக் கூடாது. கான்ட்ராஸ்ட் ஒவ்வொரு முறையும் தேவையில்லை என்கிறது 2021 சர்வதேசப் பரிந்துரை. அதே மெஷின், அதே முப்பரிமாண ஃப்ளேர் முறை என்பதுதான் முக்கியம்.

புதிய லீஷனைத் தேடித் தரும் மென்பொருள் இங்கே நல்ல துணை. அது தரும் மூளைப் பருமன் எண்ணை மட்டும் ஒரு தனி நோயாளியின் சிகிச்சைக்கு ஆதாரமாக்காதீர்கள். உடலில் நீர்ச்சத்து குறைந்தாலும் மெஷின் மாறினாலும் அந்த எண் மாறும்.

எம்.எஸ். மருந்தான நட்டாலிசுமாப் எடுப்பவர்களின் டெம்ப்ளேட்டில் இன்னொரு வரி கட்டாயம்: ஜே.சி. வைரஸால் வரும் பி.எம்.எல். என்னும் மூளைத் தொற்று பற்றிய சந்தேகம் உண்டா? உண்டு என்றால் ரிப்போர்ட் டைப் ஆகும்வரை காத்திருக்காமல் நரம்பியல் மருத்துவரை ஃபோனில் அழைத்துச் சொல்லிவிட்டு, சொன்ன நேரத்தையும் அதே வரியில் குறித்துவிடுங்கள்.